பையனைப் பற்றி விசாரிக்க வந்தவர்

மரியநாதபுரத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் ரொனால்டைப் பற்றி வீடு வீடாக விசாரிக்கிறார் என்ற செய்தி, அவர் தெருவைப் பாதி தாண்டுவதற்குள் ரொனால்டின் அப்பா மிக்கேல்ராஜுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

"பொண்ணு வீட்டு ஆளுதான். சந்தேகமே இல்ல" என்றார் அந்த ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர்.

ரொனால்டு அமெரிக்காவில் ஒரு பெரிய ஹோட்டலில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தான். திருச்சியிலிருந்து ஐரின் என்ற பெண்ணின் போட்டோ வந்திருந்தது. பெண்ணின் அப்பா, "நாலு எடத்துல விசாரிச்சுட்டுச் சொல்றோம்" என்று சொல்லியிருந்தார்.

மனைவி புஷ்பமேரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எரியோடு விசயம் தெரிஞ்சுபோச்சுன்னா?"

எரியோடு விசயம் பெரிதொன்றுமில்லை. கல்லூரி நாளில் ரொனால்டு அந்த ஊரில் ஒரு புளிய மரத்தடியில் காசு வைத்துச் சீட்டாடியபோது போலீஸ் வந்தது. கூட இருந்தவர்கள் ஓடிவிட்டார்கள். ரொனால்டுக்குக் கையில் நல்ல சீட்டு வந்திருந்ததால் எழ மனம் வரவில்லை. கோர்ட்டில் அபராதம் கட்டி அழைத்து வந்தார் அப்பா.

"தெருவுல ஒருத்தரும் வாயத் தெறக்க மாட்டாக. அப்பவே சொல்லி வச்சுட்டேன்."

"பொய் சொல்லச் சொன்னீகளா?"

"பொய்க்குச் சாமியார்ட்டச் சொல்லப் பாவசங்கீர்த்தனம் இருக்கு. நின்னுபோன சம்பந்தத்துக்கு என்ன இருக்கு?"

கெட்டதை மறைத்தால் மட்டும் போதாது என்று பட்டது மிக்கேல்ராஜுக்கு. பெண் வீடு வசதியான இடம். தமக்கோ ஓடு மாற்ற வேண்டிய இந்த ஒரு வீடுதான். நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே நாச்சிமுத்து இருந்தார். ஒட்டன்சத்திரத்துக்காரர். செம்பட்டியில் அவருக்குக் காய்ப்புள்ள தென்னந்தோப்பு.

"ஏனுங்க சார், என்ற தோப்பை உங்க பையனோடதுன்னு சொல்லோணுமா?"

"கல்யாணம் முடியிற வரைக்கும்."

"பட்டா என்ற பேர்ல இருக்குதுங்களே."

"பேருக்குத்தான் ஒங்க பேர்ல இருக்குன்னு சொல்லுங்க."

"நல்ல காரியம். சொல்லிப் போடலாமுங்க" என்றார் நாச்சிமுத்து.

கடைசியாக மிக்கேல்ராஜ் வீட்டுக்கும் வந்த வெள்ளைச் சட்டைக்காரர் தன் பெயர் முகேஷ்குமார், ஊர் சென்னை என்றார். "எதுக்காக விசாரிக்கிறேன்னு சொல்ல எனக்கு அனுமதி இல்ல சார்."

"சொல்லவே வேணாம். எங்களுக்குத் தெரியும்" என்று சிரித்தார் மிக்கேல்ராஜ்.

முகேஷ்குமார் ஒரு கணம் திடுக்கிட்டாற்போல் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

புஷ்பமேரி வாசற்படிக்கு வந்து நின்றாள். "கறிக்கொழம்பு கொதிக்குது. வெஞ்சனமும் ரெண்டு வச்சிருக்கேன். சாப்ட்டுட்டுத்தான் போகணும்."

"மன்னிக்கணும்மா. முடிவு தெரியிற வரைக்கும் நான் இந்த வீட்ல கை நனைக்கக் கூடாது."

புஷ்பமேரிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. முறை தெரிந்த குடும்பம்.

"பையன் குடிப்பாரா?"

"இருமல் மருந்துக்கே தலை சுத்துற பய சார்."

"கடன் கிடன்?"

"யாருட்டயும் கை நீட்ட மாட்டான்."

"சீட்டு, சூதாட்டம்?"

"கல்யாண வீட்டுல சீட்டுக்கட்டப் பாத்தாலே எந்திரிச்சுப் போயிருவான்."

முகேஷ்குமார் நிமிர்ந்து அவரை ஒரு முறை பார்த்தார். பிறகு கேட்டார். "அவருக்குச் சொந்தமான சொத்து வேற யார் பேர்லயாவது இருக்கா?"

இந்தக் கேள்விக்காகத்தான் மிக்கேல்ராஜ் காத்திருந்தார். "நாஞ் சொன்னாப் பெருமை பீத்துறேம்பீக. பக்கத்து வீட்டுல கேட்டுக்கங்க."

நாச்சிமுத்து பக்குவமாகவே சொன்னார். "செம்பட்டித் தோப்பு அந்தத் தம்பியோடதுங்க. நான் வெறும் காவலுங்க. வெளிய தெரிஞ்சாச் சரிப்படாதுன்னு என்ற பேர்ல போட்டு வச்சிருக்குது."

கடைசி வாக்கியம் நாச்சிமுத்து தாமாகச் சேர்த்தது. அதைச் சொன்னபோதுதான் முகேஷ்குமாரின் முகமே மலர்ந்தது என்று பின்னால் அவர் பெருமைப்பட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலமே புஷ்பமேரி கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். மிக்கேல்ராஜ் கல்யாண மண்டபம் பார்க்கப் போனார்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடித்தது. ரொனால்டு.

"அப்பா, வேலைய விட்டு எடுத்துட்டாங்க."

"வெளையாடாதடா. பொண்ணு வீட்டு ஆளு போன மாசந்தான் வந்து ஒன்னயப் பத்தி நல்லபடியாக் கேட்டுட்டுப் போனாரு."

"அவரு பொண்ணு வீட்டு ஆளு இல்லப்பா. நான் வேல பாக்குற எடத்துலருந்து அனுப்புன ஆளு."

"நீ குடிக்கிறியா, சீட்டாடுறியான்னு ஹோட்டல்காரனுக்கு என்னடா கவல?"



"அது வெறும் ஹோட்டல் இல்லப்பா. கேசினோ. சூதாட்ட விடுதி. அம்மா வருத்தப்படும்னு சொல்லல. இங்க உள்ள பூர்வகுடி மக்கள் நடத்துறது. கணக்கு எழுதுறவன்லருந்து முட்டக்கோசு கொண்டாந்து போடுறவன் வரைக்கும் அவங்கட்ட லைசென்ஸ் வாங்கணும். சொந்த ஊருக்கே ஆள் விட்டு விசாரிச்சுட்டுத்தான் குடுப்பாங்க."

மிக்கேல்ராஜ் நாற்காலியில் உட்கார்ந்தார். "எரியோடு கேசு தெரிஞ்சுபோச்சாக்கும்."

"அத நானே மொதல்ல சொல்லிட்டேன். சின்ன வயசுல நடந்தது, மறைக்காமச் சொன்னீங்கன்னு பாராட்டுனாங்க."

"பெறகு என்னடா?"

"செம்பட்டியில ஒரு தென்னந்தோப்ப அடுத்தவர் பேர்ல பதுக்கி வச்சிருக்கேனாம். இம்புட்டு நாணயமில்லாதவன் சூதாட்ட விடுதிக்கு ஆக மாட்டான்னுட்டாங்க."