தானாக நகரும் அம்பு

"நான் கையே வெக்கலம்மா, தானா நகருது பாரு."

மாணிக்கவாசகம் சொன்னது பொய்யில்லை. திரையில் பாதி வரைந்த பட்டுச்சேலை மயில் பார்டரின் மேல் அம்புக்குறி துள்ளித் துள்ளி ஓடியது. கம்ப்யூட்டரைச் சரிபார்க்க வந்த ஜோதிகாவே ஓர் அடி பின்வாங்கினாள்.

"எப்பலேர்ந்து சார் இப்படி?"

"புது கம்ப்யூட்டர் வாங்கினப்புறம். ரெண்டுக்கும் சேத்து ஒரே கீபோர்டு, ஒரே மவுஸ், ஒரே திரைன்னு இந்த ஸ்விட்ச் பெட்டிய மாட்டினேன். பட்டனத் தட்டி பழசுக்கு மாத்தினா, ஆட ஆரம்பிச்சிடுது. நெய்யறவங்க பேய்னு பயந்துக்கினு இந்த ரூமுக்கே வர்றதில்ல."

ஜோதிகா மேசைக்கடியில் குனிந்தாள். பட்டு நூல் நிறுக்கும் தராசின் சீரியல் கேபிளும் அதே பெட்டியில் செருகியிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்க பேய் இந்தத் தராசுதான் சார். இது அனுப்பற எடைய, கம்ப்யூட்டரு மவுஸ் நகருதுன்னு நெனச்சிக்குது. நல்லவேள, வேப்பில அடிக்காம விட்டீங்க!"

கேபிளைப் பிடுங்கினாள். அம்பு அப்படியே நின்றது.

"இனிமே நகராதாம்மா?"

"நகரவே நகராது சார். தைரியமா இருங்க."

அவர் முகம் தெளியவில்லை. நின்றுபோன அம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மயிலு என் சம்சாரம் காவேரி வரைஞ்சது. முடிக்கறதுக்குள்ள போய்ச் சேந்துட்டா. தெனம் சாயங்காலம் இங்க ஒக்காந்து அவகிட்ட பேசுவேன். இந்த அம்ப ஆட்டி ஆட்டி அவளும் பதில் சொல்லிக்கினு இருந்தா."

கேபிள் இன்னும் ஜோதிகாவின் கையில் தொங்கியது.

"அத மறுபடியும் சொருகிட்டுப் போறியாம்மா?"