விலை போனவர்

"அக்கா, மாமா நேத்து எங்கே போனார்னு உன்கிட்டே சொன்னாரா?"

பஸ் டிப்போவின் பாஸ் கவுண்டரில் கூட்டம் கலைந்திருந்த நேரம். தோளில் கண்டக்டர் பையோடு கம்பிக்கு வெளியே நின்ற தம்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"சங்க வேலைன்னார். ஏன்?"

"அமைச்சர் வீட்டுப் பின்வாசல் வழியா உள்ளே போயிருக்கார். சங்க வேலைக்கு முன்வாசல் இல்லையாக்கா?"

ரப்பர் ஸ்டாம்பைக் கையில் பிடித்தபடியே அவள் தம்பியை வெறித்துப் பார்த்தாள்.

அவள் கணவர் டிரைவர். பல வருஷமாக அந்த டிப்போவின் சங்கத் தலைவரும் அவர்தான். டிப்போவைத் தனியார் கம்பெனிக்குத் தாரை வார்க்க அமைச்சர் துடித்துக்கொண்டிருந்தார். ஊரின் நட்டநடுவில் இடம். பஸ் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்த மண்ணுக்கே கொள்ளை விலை. ஆனால் சங்கம் தலையாட்டினால்தான் காரியம் நடக்கும். 'என் பிணத்தைத் தாண்டித்தான் கம்பெனிக்காரன் உள்ளே வரணும்' என்று வாசல் கூட்டத்தில் முழங்கியவர் அவர்.

"ஒர்க்‌ஷாப் முழுக்க இதே பேச்சுதான். நான் நம்பலே. ஆனா நெருப்பில்லாமப் புகையுமா? நாளைக்குப் பொதுக்கூட்டத்துல கேட்கத்தான் போறாங்க."

"போடா, வாயைக் கழுவு" என்று விரட்டினாள். ஆனால் அதற்குப் பிறகு வந்த பாஸ்களில் ஸ்டாம்பைத் தலைகீழாகக் குத்தினாள்.

சாயங்காலம் அவர் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள்.

"அமைச்சர் வீட்டுக்குப் போனீங்களா?"

சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. "யார் சொன்னா உனக்கு?"

"யார் சொன்னா என்ன? போனீங்களா, இல்லையா?"

"போனேன். அதுக்கு மேலே எதுவும் கேட்காதே. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எனக்கு என்னங்க நல்லது அதுல?"

போன் மணியடித்தது. எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனவர் கதவைச் சாத்தினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கதவைச் சாத்திப் போன் பேசி அவள் பார்த்ததில்லை. ஓசைப்படாமல் போய்க் காதை வைத்தாள்.

"வேண்டாங்க... நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். யாருக்கும் தெரியவே கூடாது. நான் பார்த்துக்கறேன்."

சாப்பிடும்போது அவர் நிமிரவே இல்லை. சந்தேகம் ஒருமுறை வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் பாயை விரித்துப் படுத்துக்கொள்கிறது. போன வாரம் அவர் வாங்கிய புதுச் செருப்புகூட அவள் கண்ணை உறுத்தியது.

மறுநாள் ஒர்க்‌ஷாப் கொட்டகையில் நிற்க இடமில்லை.

"தலைவரே, அமைச்சர் வீட்டுக்குப் போனீங்களா? ஒரே வார்த்தை!" மெக்கானிக் ஒருவர் கத்தினார்.

"போனேன். ஆனா விலை போகலே. காரணத்தை மட்டும் கேட்காதீங்க. என்னை நம்புங்க."

"நம்பினதெல்லாம் போதும்!"

கூச்சலுக்கு நடுவே தம்பி எழுந்தான். "நான் பேசினா மாமனை மச்சானே காட்டிக்கொடுத்தான்னு ஆயிடும். அக்காவும் சங்கத்து உறுப்பினர்தானே? அவங்களையே கேளுங்க."

அத்தனை தலைகளும் திரும்பின. அவள் எழுந்தாள். வீட்டு மானத்தைப் பார்ப்பதா, இத்தனை பேர் வயிற்றைப் பார்ப்பதா? பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"என்கிட்டேயும் காரணம் சொல்லலே. நேத்து கதவைச் சாத்திக்கிட்டு, 'யாருக்கும் தெரியவே கூடாது'ன்னு போன்ல பேசினார். என் காதால கேட்டேன்."

கட்டின பெண்டாட்டியே சொன்ன பிறகு வேறு சாட்சி எதற்கு? கைகள் மடமடவென்று உயர்ந்தன. பதவி போயிற்று. புதுத் தலைவராகத் தம்பியின் பெயரை யாரோ சொன்னார்கள். அதுவரை தலைகுனிந்து நின்ற கணவர் பதறினார்.

"யாரை வேணும்னாலும் உட்கார வைங்க. இவன் மட்டும் வேண்டாம்!"

"வயித்தெரிச்சலைப் பாருடா!" கொட்டகையே சிரித்தது.

அவளுக்கு உடம்பு கூசியது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் பக்கம் பார்த்தார். சொல்லாமலே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனார்.

அடுத்த நாள் காலை, மானேஜர் அறை வாசலில் கம்பெனியின் கார் நின்றது. "சும்மா பேச்சுவார்த்தைதான்க்கா" என்று சிரித்துவிட்டுத் தம்பி உள்ளே போயிருந்தான். கவுண்டர் கம்பியைத் தட்டினார் ஒரு பெரியவர்.

"தலைவர் இருக்காராம்மா?"

"உள்ளே பேசிட்டிருக்கார்."

"இவனில்லேம்மா. பழைய தலைவர். போனை எடுக்க மாட்டேங்கறார்."

"அவரை எதுக்குத் தேடறீங்க? நீங்க யாரு?"

"அமைச்சர் வீட்டு டிரைவர். ஒரு காலத்துல இங்கே பஸ் ஓட்டினவன்தான். அன்னிக்குப் பின்வாசலுக்குக் கூப்பிட்டு அவர்கிட்டே விஷயத்தைச் சொன்னதே நான்தாம்மா. அந்த மனுஷனைப் போய் இறக்கிட்டீங்களே!" பெரியவருக்கு மூச்சு வாங்கியது. "என் வேலை போனாப் போகட்டும், நானே கூட்டத்துல வந்து சொல்லிடறேன்னு போன்ல தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்கலையே! 'அமைச்சர்கிட்டே கை நீட்டிப் பணம் வாங்கினவன் என் சம்சாரம் தூக்கி வளர்த்த தம்பிங்க; அவனை நான் திருத்திடறேன், அவளுக்கு மட்டும் தெரிஞ்சிடக் கூடாது'ன்னு அழுதாரேம்மா!"