அடக்கிய மூச்சு

மழைக்காலம் முழுவதும் கொட்டகையில் தூங்கிய மோட்டார் சைக்கிள், முதலாளி தார்ப்பாயை உருவியதும் திடுக்கிட்டு விழித்தது. அவர் புதுப் பெட்ரோல் ஊற்றினார். பிளக்கைக் கழற்றித் துடைத்தார். ஏர் ஃபில்டர் பெட்டியை மட்டும் திறந்து பார்க்கவில்லை.

அதற்குள்தான் சுண்டெலி குட்டி போட்டிருந்தாள். இத்தனை மாதமும் வண்டிக்குப் பேச்சுத்துணை அவள்தான். அது ஓடும் சத்தத்தை மட்டும் அவள் கேட்டதே இல்லை.

"அண்ணே, கிளம்பிடாதீங்க! பிள்ளைங்களை உள்ளே இழுத்துடும். நான் தூக்கிட்டுப் போற வரைக்கும் மூச்சை அடக்கிக்குங்க."

"சீக்கிரம் தங்கச்சி."

முதலாளி உதைத்தார். வண்டி மூச்சை அடக்கியது. ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துவிட்டு மறுபடி உதைத்தார். அப்போதும் அடக்கியது. சுண்டெலி ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு சுவர்ப் பொந்துக்கு ஓடினாள்.

வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தாள்: "ஏங்க, காயலான் கடைக்காரர் தெருவுலதான் நிக்கிறார். கூப்பிடட்டுமா?"

"கடைசியா ஒரு உதை. இல்லேன்னா எடுத்துட்டுப் போகட்டும்."

"ஆச்சா தங்கச்சி?" என்றது வண்டி.

"இன்னும் ஒண்ணு உள்ளே இருக்கு அண்ணே!"

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டினார். கால் கிக்கரில் ஏறியது. கடைசிக் குட்டியோடு சுண்டெலி குதிக்கவும் உதை விழவும் சரியாக இருந்தது. அடக்கிய மூச்சையெல்லாம் வண்டி சேர்த்து வெளியே விட்டது. கொட்டகையே அதிர்ந்தது.

பொந்துக்குள் சுண்டெலி தன் குட்டிகளை அணைத்துக்கொண்டாள். "பார்த்தீங்களா, அதுதான் பேய். அது பக்கமே போகக் கூடாது."

"நான்தான் தங்கச்சி, உங்க அண்ணன்" என்று சொல்ல வாய் திறந்தது வண்டி. திறக்கத் திறக்க உறுமல்தான் வந்தது.