கார்டு கடைசி

பொட்டலத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வீட்டின் பின்பக்கச் சுவரில் காலை வைத்தான் அவன். சமையலறை ஜன்னலில் சிவப்புத் துண்டு தொங்கினால் வரலாம் என்று அர்த்தம். துண்டு தொங்கியது. குதித்தான்.

"அப்பா இப்பதான் ரூமுக்குள்ள போனாரு. சத்தம் போடாம வாங்க," என்று கதவைத் திறந்துவிட்டாள் அவள்.

காதலியைப் பார்க்க வந்தவன் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் அவன் கட்டிய மனைவி. அந்த வீட்டிலேயே குடியிருக்கும் மாப்பிள்ளை அவன். வாசல் கேட் மாமனாரின் ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்ததால்தான் இந்தச் சுவர் ஏற்றம்.

அவன் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியபோது, ரெண்டு மாசம் இருந்துவிட்டுப் போகிறோம் என்று வந்தவர்கள். வந்தவர்கள் வந்தபடியே இருக்கிறார்கள். ஜெயிலுக்கு மாமியார் வீடு என்று பெயர் வைத்தவன் நிச்சயம் அனுபவப்பட்டவன். இந்த வீட்டில் மாமியார் காலமாகிவிட்டார். ஜெயிலர் மட்டும் இருந்தார்.

மாமனார் மின் இலாகாவில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றினால் அவருக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். வாசலுக்கு எந்தப் பொட்டலம் வந்தாலும் பிரித்துப் பார்த்து, "இது இப்ப அவசியமா?" என்பார். அதற்குப் பதில் சொல்லும் தைரியம் மாப்பிள்ளைக்குக் கிடையாது. அவனுடைய அறைக்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது.

அவன் நிம்மதியாக மூச்சு விட்டது ஒரே இடத்தில்தான். மாலையில் மாமனார் ஓய்வெடுக்கக் கதவைச் சாத்தியதும், அவர் பென்ஷன் வேலைக்காகப் போட்ட இன்டர்நெட்டில் இவன் ஒரு சண்டை விளையாட்டில் இறங்குவான். அவனுடைய குழு கூடுவதும் சரியாக அதே நேரத்தில் அமைந்தது அவன் செய்த புண்ணியம்.

விளையாட்டில் அவன் பெயர் 'பொறி எலி'. குழுத் தலைவர் பெயர் 'மேஸ்திரி'. முகம் தெரியாது, குரலும் தெரியாது. மேஸ்திரியிடம் மைக் இல்லை, எல்லாம் டைப் செய்துதான். அவரிடம் அவன் கொட்டாத குறை இல்லை. 'எங்க வீட்டு முசுடு, மூச்சு விடறதுக்கும் மீட்டர் வைக்கும்' என்று அடிப்பான். 'அப்படிப்பட்ட ஆளோட எப்படித்தான் காலம் தள்ளறியோ, எலி' என்று மேஸ்திரி உருகிப் போவார். மாமனாருக்கு 'முசுடு' என்று ஒரு பெயர் உண்டென்பது மனைவிக்கே தெரியாது.

சமீப காலமாக ஒரு தொல்லை. சண்டை சூடு பிடிக்கும் நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். கையிலோ ஒரு பொருள் வாங்கத்தான் காசு. எதை மாற்றுவது என்று கேட்டபோது மேஸ்திரி வரிசை போட்டுக் கொடுத்தார். 'பாரம் ஏறும்போது அணையுதுன்னா கரண்ட் பத்தலை. முதல்ல பவர் சப்ளை. அப்புறம் ரேம். கார்டு கடைசி.' கூடவே, இன்னொரு தடவை நடுச் சண்டையில் காணாமல் போனால் குழுவில் இடமில்லை என்றும் சொல்லிவிட்டார்.

அதற்காகத்தான் இன்று கடைக்குப் போனான். பவர் சப்ளை என்பது தகர டப்பா. பெட்டிக்குள் போய்விட்டால் அதை யார் பார்க்கப் போகிறார்கள்? பக்கத்திலேயே பாதி விலைக்கு ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டு இருந்தது. படம் கண்ணாடி மாதிரி தெரியும் என்று சத்தியம் செய்தார் கடைக்காரர். ஆசை யாரை விட்டது?

பொட்டலத்தைப் பார்த்ததும் மனைவி கேட்டாள், "மேஸ்திரி சொன்னது இது இல்லையே?"

"அதை அடுத்த மாசம் பாத்துக்கலாம். கார்டு நல்லா இருந்தா எல்லாம் சரியாயிடும்."

அவசர அவசரமாக மாட்டினான். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. மரத்தில் இலை இலையாகத் தெரிந்தது. அவன் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டான். அவனும் மேஸ்திரியும் எதிரியின் கோட்டைக்குள் நுழைந்தார்கள். 'உன்னை நம்பித்தான் முன்னால போறேன். முதுகைப் பாத்துக்கோ, எலி' என்றார் மேஸ்திரி. 'உயிரே போனாலும் நகர மாட்டேன்' என்று டைப் செய்தான்.

எதிரிகள் நாலா பக்கமும் சூழ்ந்தார்கள். திரை கறுத்தது.

திருடனுக்குத் தேள் கொட்டினால் வாயைத் திறக்கக் கூடாது. அவன் திறந்துவிட்டான்.

"மேஸ்திரி! எலி மறுபடியும் மோசம் பண்ணிட்டேனே!"

பக்கத்து அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஓய்வு நேரத்தில் திறந்தே பழக்கமில்லாத அந்தக் கதவு திறந்தது. மனைவி வழியை மறித்து, டீ போடட்டுமா என்று அப்பாவைக் கேட்டுப் பார்த்தாள். அவர் அவளைத் தாண்டி உள்ளே வந்தார். அவன் கார்டின் அட்டைப்பெட்டியைத் தலையணைக்கு அடியில் தள்ளினான், பாதிதான் போனது.

மாமனார் கறுத்த திரையைப் பார்த்தார். பெட்டியை உருவி, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, அதன்மேல் இருந்ததை ஒரு வரி விடாமல் படித்தார். 'இது இப்ப அவசியமா' வரப்போகிறது என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அது வரவில்லை.

"கார்டு கடைசின்னு இந்த முசுடு படிச்சுப் படிச்சுச் சொல்லிச்சா இல்லையா, எலி?"