கடற்கரைக்குப் போன ரெலிபோன்

"அப்பா! நில்லுங்கோ! வயர்! வயர்!"

நான் கத்திக்கொண்டு ஓடுறன். முன்னால அப்பான்ர கார், அதுக்குப் பின்னால கொழுவின கரவன், அதுக்கும் பின்னால ஒரு வெள்ளை வயர் ரோட்டில இழுபட்டுக்கொண்டு போகுது. நுனியில இருந்த பிளக் துள்ளித் துள்ளி உடையுது.

காலில செருப்பில்லை. தார் சுடுது.

அந்த வயரின்ர மற்ற நுனி கரவனுக்குள்ள. அதில எங்கட ரெலிபோன். வீட்டில இருந்ததே அந்த ஒண்டுதான்.

அது கரவனுக்குள்ள போனது அம்மாவாலதான்.

அம்மா வீட்டைவிட்டு வெளிய வரமாட்டா. கோயிலுக்கும் இல்லை, கடைக்கும் இல்லை. எங்களோட இந்த நாட்டுக்கு வராத ஜனா அண்ணா கடைசியாக் கொழும்பில ஒரு லொட்ஜில இருந்து ரெலிபோன் எடுத்தவன். "பின்னால ஆக்கள் நிக்கினம், திருப்பி எடுக்கிறன் அம்மா" எண்டு சொல்லிப்போட்டு வைச்சவன்.

அது தொண்ணூற்றாறில. இப்ப தொண்ணூற்றெட்டு, இன்னும் எடுக்கேல்லை.

அண்டையில இருந்து, மணி அடிச்சால் கேக்கிற தூரத்தை விட்டு அம்மா அசையேல்லை.

அதுக்காகத்தான் அப்பா இந்தக் கரவனை வாங்கினவர். வாயால சொல்லேல்லை, ஆனால் எனக்குத் தெரியும். காருக்குப் பின்னால இழுத்துக்கொண்டு போற சின்ன வீடு. அப்பா பிறக்காத காலத்துச் சாமான் மாதிரி இருந்தது. புக்கேகோஹிப் பக்கம் ஒரு தோட்டக்காரன் அதுக்குள்ள கோழி அடைச்சு வைச்சிருந்தவன். அடிப்பலகை உக்கி, கால் வைச்சால் உள்ள போகும்.

மவுண்ட் வெல்லிங்டன் பக்டரியில வேலை முடிச்சு வந்து அப்பா பலகை கழட்டுவார். நான் துருத் தேய்ப்பன். கோழி எச்சம் முழுக்கச் சுரண்டினதும் நான்தான். கூரை ஒழுகுதோ எண்டு பாக்க அப்பா மேல ஏறி ஹோசைப் பிடிப்பார், நான் உள்ள நிண்டு நனைவன்.

"அம்மா வராமல் இதை எங்க கொண்டுபோறது?" எண்டு ஒருநாள் கேட்டுப்போட்டன்.

அப்பா அடுத்த நாள் நீட்டு வயர் ஒண்டு வாங்கிக்கொண்டு வந்தார். குசினி யன்னலால அதை வெளிய விட்டு, ரெலிபோனைக் கொண்டுபோய்க் கரவன் மேசையில வைச்சார்.

அம்மா பின்னால வந்தா. ரெலிபோனுக்குப் பின்னால.

அப்பிடி வந்து இருந்துதான் திரைச்சீலை தைச்சா, சீட்டுக்கு உறை தைச்சா. "என்ர அப்பர் இவருக்கு வீடு வளவு எழுதிக் குடுத்தவர். இவர் எனக்குத் தந்தது கோழிக்கூடு" எண்டு நக்கலும் அடிச்சா. அண்டைக்கு அப்பா சோறு ரெண்டாந்தரம் போட்டுச் சாப்பிட்டவர்.

போன கிழமை கரவனுக்கு, ரோட்டில ஓடலாம் எண்ட வொரண்ட் கிடைச்சது. இண்டைக்கு மிஷன் பே கடற்கரைக்குப் போய் வருவமோ எண்டு அப்பா கேட்டார். நிருஜா ரெலிபோனுக்குப் பக்கத்தில இருந்தால் வாறன் எண்டு அம்மா சொன்னா. நான் ஓமெண்டன்.

அம்மா வாறன் எண்ட சந்தோசத்தில, ரெலிபோனைக் கரவனுக்குள்ளயிருந்து எடுக்க ஒருத்தருக்கும் ஞாபகம் வரேல்லை.

முடக்கில கார் மெதுவானது. நான் கிட்டப் போயிட்டன். கை நீட்டிக் கரவனில ரெண்டு தட்டுத் தட்டினால் காணும், அப்பா நிப்பாட்டியிருப்பார்.

அப்பதான் அம்மான்ர கையைக் கண்டன். கார் யன்னலால வெளிய நீட்டி, விரல் எல்லாத்தையும் விரிச்சு, காத்தைப் பிடிச்சுப் பிடிச்சு விடுறா.

நான் தட்டேல்லை.

கார் திரும்பிப் போயிட்டுது.

மூலையில இருந்த டெய்ரிக் கடைக்குள்ள போனன். கடைக்காரரிட்ட ரெலிபோன் கேட்டு எங்கட வீட்டு நம்பருக்கே அடிச்சுப் பாத்தன்.

அடிச்சுது. வயர் கழண்டு போயும் என்ர காதில வடிவா அடிச்சுது. வீட்டில ஒருத்தரும் இல்லாத மாதிரி அடிச்சுக்கொண்டே இருந்தது.

அண்ணா எடுத்தாலும் இப்பிடித்தான் கேக்கும்.

வீட்டை வந்து சுவருக்குப் பக்கத்தில இருந்தன். வயர் கொழுவுற ஓட்டையைப் பாத்துக்கொண்டே இருந்தன். சொன்னால் அம்மா இனி வாழ்க்கையில வெளிய வரமாட்டா. சொல்லாமல் விட்டு, அண்ணா இண்டைக்குத்தான் எடுத்திருந்தால்?

இருட்டுப்படேக்க வந்து சேர்ந்திச்சினம். அம்மான்ர முகம் வெயிலில கறுத்துப்போய் இருந்தது. சீலைக் கரை நனைஞ்சிருந்தது. தாளில சுத்தின சிப்ஸை என்ர கையில தந்தா. இன்னும் சூடு.

"ஆரும் எடுத்தவையோ, பிள்ளை?"

"இல்லையம்மா."

கொஞ்சநேரம் என்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டா. பிறகு கால் கழுவப் போயிட்டா.

இப்ப ரெண்டுபேரும் படுத்திட்டினம். ஒருத்தருக்கும் தெரியாமல் ரெலிபோனைக் கொண்டுவந்து வைப்பமெண்டு கரவனுக்குப் போனன். அங்க அது இல்லை.

திரும்பி வந்து பாத்தால், நடையில அதின்ர இடத்தில இருக்கு. உடைஞ்ச பிளக்கை நூலால இறுக்கிச் சுத்திக் கொழுவியிருக்கு. அந்த முடிச்சு அம்மா போடுற முடிச்சு.

எடுத்துக் காதில வைச்சன். லைன் வேலை செய்யுது. கன்னத்தில என்னவோ குத்திச்சு.

லைற்றைப் போட்டுப் பாத்தன். கதைக்கிற பக்கத்துச் சின்ன ஓட்டையளுக்குள்ள மணல். இன்னும் ஈரம்.

அப்ப அம்மா அதைக் கடற்கரையில வைச்சே கண்டிருக்கிறா. கையில எடுத்திருக்கிறா. எடுத்துப்போட்டும் இருட்டுமட்டும் அங்கயே நிண்டிருக்கிறா.

பிறகேன் வீட்டை வந்து, ஆரும் எடுத்தவையோ எண்டு என்னட்டக் கேட்டவ?