பெட்டி கேட்காத குரல்

ஆராய்ச்சிக்காரர்கள் பலா மரத்தில் கட்டிவிட்டுப் போன ஒலிப்பதிவுப் பெட்டிக்குக் கொஞ்சம் தலைக்கனம். "இந்தக் காட்டில் எனக்குத் தெரியாத குரலே கிடையாது" என்றது, மூடுபனியில் நனைந்தபடி.

யார் குரலையும் அப்படியே பேசிக்காட்டும் கரிச்சான் குருவி, "எங்கே, சொல் பார்க்கலாம்" என்று பக்கத்துக் கிளையில் வந்து அமர்ந்தது.

கடகடவென்று கத்தியது. "மலையணில்" என்றது பெட்டி. கொரகொரத்தது. "மரத்தவளை" என்றது பெட்டி. பிறகு கரிச்சான் மெல்ல, "டிங்" என்றது.

பெட்டி சொக்கிப்போனது. "அடடா, இது எந்தப் பறவை?"

"நீயேதான்! பதிவைத் தொடங்குமுன் தினமும் இப்படித்தான் கூவுகிறாய். அதன் பிறகுதானே உனக்குக் காது திறக்கிறது!"

பெட்டி கூச்சத்தோடு, "இன்னொரு தடவை கூவேன்" என்றது.

அன்று காடு என்னென்னவோ பாடியது. பெட்டியின் பதிவிலோ, அந்தி சாயும்வரை 'டிங்' மட்டும்தான்.