இருபதாவது வார்த்தை

பத்தொன்பதோடு நின்றுவிட்டது. தாண்டுதல், குதித்தல், எகிறுதல், விலகுதல், ஒதுங்குதல், நழுவுதல், தட்டிக்கழித்தல் என்று ஈஸ்வரமூர்த்தி வாத்தியார் நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். இருபதாவது மட்டும் வருவேனா என்று அடம் பிடித்தது.

துடியலூர்ப் பள்ளிக்கூடத்துக்காக ஹெட்மாஸ்டர் கேட்ட பட்டியல் அது. ஒன்றைத் தாண்டியோ தவிர்த்தோ போவதைக் குறிக்கும் இருபது வார்த்தை வேண்டும், அவசரமில்லை என்றுதான் சொல்லியிருந்தார். வாத்தியார்தான் மூன்று நாளாக நோட்டும் கையுமாக முன்கட்டு ஆசாரத்தை விட்டு நகரவில்லை.

காரணம் வாசலில் கட்டியிருந்தது. அன்னூரிலிருந்து குதிரை வண்டியில் வந்திறங்கிய தாய்மாமன் பொங்கியண்ணன், குதிரையை நட்டநடு வாசலில் முளையடித்துக் கட்டிவிட்டு, பதில் தெரியாமல் போவதில்லை என்று உட்கார்ந்துவிட்டார். அவர் மகள் சாந்தாமணியை வாத்தியாருக்கு இரண்டாந்தாரமாகக் கொடுப்பதாகப் பேச்சு.

தெய்வாத்தாளைக் கட்டி எட்டு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு தடவை நாள் தள்ளிப்போய், ஊரெல்லாம் சொல்லி முடித்த பிறகு ஒன்றுமில்லாமல் போயிற்று. அதற்குமேல் காத்திருக்க வாத்தியாரின் அம்மா ராமாத்தாளுக்குப் பொறுமையில்லை. அன்னூர் போய் உப்புச் சர்க்கரை மாற்றிப் பேச்சை உறுதி செய்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

வாத்தியாருக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. அதை அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்லத்தான் தைரியமில்லை. நோட்டை முடித்துவிட்டு வருகிறேன் என்று சாக்குச் சொல்லியிருந்தார். ராமாத்தாளுக்குப் படிக்கத் தெரியாது. வரி எண்ணத் தெரியும். காலையும் மாலையும் விரல் வைத்து எண்ணிப் பார்த்தாள்.

தெய்வாத்தாள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு சமாளிக்கலாம் என்று வாத்தியார் நினைத்தார். வாய்விட்டும் கேட்டுப் பார்த்தார்.

"இன்னும் நாலு நாள் போகட்டுங்க, சொல்றேன்" என்றாள் அவள். அவ்வளவுதான். தலைக்குமேல் வெள்ளம் போகிறபோது நாலு நாளாம்.

அது போதாதென்று ஆளைக் கண்டாலே ஒதுங்கினாள். சமையல் கட்டிலிருந்து குறுக்கே நடந்தால் ஆசாரத்துக்குப் பத்தடி. நடுவில் குதிரையும் அதன் நீளக் கயிறும் கிடந்ததைத் தவிர வேறு தடையில்லை. எல்லோரும் அப்படித்தான் போய்வந்தார்கள். இவள் மட்டும் மூன்று நாளாக வைக்கோல் போருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் வந்து நின்றாள். என் கண்ணெதிரே நடக்கக்கூடப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று வாத்தியார் மனசுக்குள் புழுங்கினார்.

இன்றைக்கும் காப்பி ஆறிப்போய்த்தான் வந்தது.

"நேரா வந்தா என்ன? நான் என்ன புலியா, கரடியா?" என்று கேட்டார்.

அவள் டம்ளரை வைத்துவிட்டு, வந்த வழியே சுற்றிக்கொண்டு போனாள். வாத்தியாருக்கு வந்த கோபத்தில் பேனா முள் மடங்கும்படி அழுத்தி ‘சுற்றிப்போதல்’ என்று எழுதினார்.

எழுதிய பிறகுதான் உறைத்தது. ஒற்றைச் சாக்கைத் தன் கையாலேயே தீர்த்துவிட்டார். நோட்டை மூடுவதற்குள் ராமாத்தாளின் விரல் கடைசி வரிக்கு வந்துவிட்டது.

"இருவது ஆயிருச்சுல்ல கண்ணு? சட்டையப் போடு, கெளம்பலாம்" என்றாள். அண்ணனிடம் வண்டியைப் பூட்டச் சொன்னாள். கையோடு மருமகளைக் கூப்பிட்டு, உப்பும் சர்க்கரையும் வைத்த தட்டத்தை எடுத்து வரச் சொன்னாள். வாத்தியாருக்குச் சட்டைப் பொத்தான் துளையில் நுழையவில்லை. தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

தெய்வாத்தாள் தட்டத்தோடு சமையல் கட்டு வாசற்படியில் இறங்கினாள். குதிரை இன்னும் அவிழ்க்கப்படவில்லை. ஒரு கணம் நின்றவள், வழக்கம்போல வைக்கோல் போர்ப் பக்கம் திரும்பினாள்.

ராமாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. "நல்ல காரியத்துக்குப் பொறப்படறப்ப இதென்ன ஒளிஞ்சு ஒளிஞ்சு வாரது? புடிக்கலீன்னா வாயத் தொறந்து சொல்லு அம்மணி. இல்லீன்னா இப்படிக் குறுக்கால வா."

தெய்வாத்தாள் புருஷனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"மாசமா இருக்கறவ குதிரைக் கயித்தத் தாண்டுனா பன்னெண்டு மாசம் சொமக்கோணும்பாங்களே, அத்தை."